நான் பதில் போடாத கடிதம்

நியூ ஜெர்சியில் நான் நர்ஸாக வேலை பார்த்த முதியோர் இல்லத்தில், எட்டாம் நம்பர் அறைக்குள் மருந்துத் தட்டோடு போக யாருக்கும் பிடிக்காது. எண்பதுகளின் நடுப்பகுதி. அறையில் இருந்தவர் ஓய்வுபெற்ற லுத்தரன் பாதிரியார், ஜெர்மன்காரர், எண்பதைத் தொட்டவர். மாத்திரையை வாயில் போடும் முன் ஒரு கதை சொல்வார். கேட்டு முடித்ததும் "உங்கள் மேல் என்ன தப்பு, காலம் அப்படி" என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாத்திரை உள்ளே போகாது. மற்ற நர்ஸுகள் கதவைத் திறக்கும்போதே அதைச் சொல்லி வேலையை முடித்துக்கொள்வார்கள். எனக்கு வாய் வரவில்லை.

கதை இதுதான். போர் தொடங்கிய வருடங்களில் அவர் ஒரு சின்ன ஊரின் சர்ச்சில் இளம் பாதிரியார். யாருடைய முன்னோர் யூதர்கள் என்று கண்டுபிடிக்க அப்போது ஜெர்மனியை ஆண்ட சர்வாதிகாரியின் ஆட்கள் சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத்தான் நம்பியிருந்தார்கள். சர்ச்சில் ஆர்கன் வாசித்த பெண்ணைப் பற்றி விசாரித்து ஒரு கடிதம் வந்தது. அவளுடைய அப்பா அம்மா இருவரும் யூதர்களாகப் பிறந்து, கல்யாணத்துக்கு முன்பு ஞானஸ்நானம் பெற்றவர்கள். அது பதிவேட்டில் எழுதியிருந்தது. அவளோ பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள். இவர் பதிவேட்டை எடுத்து, ஓர் எழுத்து விடாமல் அழகாகப் பிரதி எடுத்து, முத்திரை குத்தி அனுப்பினார். இரண்டு வருடத்துக்குள் அவளை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை.

"நான் பொய் எழுதவில்லை," என்று முடிப்பார்.

"பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதியிருக்கலாமே?" என்று கேட்டேன். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அவர் என்னையே பார்த்தார். பிறகு, வழக்கமான அந்த ஆறுதலைக் கேட்காமலே மாத்திரையை விழுங்கினார். மறுநாளிலிருந்து என்னைத் தவிர வேறு யாரையும் அவர் அந்த அறைக்குள் விடவில்லை.

அந்த டிசம்பரில் ஊரிலிருந்து எங்கள் ஐயரின் கடிதம் வந்தது. எங்கள் பக்கம் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. எனக்கும் தம்பிக்கும் திடப்படுத்தல் கொடுத்து எங்களைச் சபையில் முழு உறுப்பினராகச் சேர்த்தவர் அவர்தான். அப்பா அம்மா இறந்தபின் எனக்கு ஊரில் இருந்தது தம்பி ஒருவன்தான்.

தம்பி தாலுகா ஆபீஸில் கிளார்க். எங்கள் சாதியில் இந்து என்று சான்றிதழ் இருந்தால் இட ஒதுக்கீட்டில் வேலை உண்டு. கிறிஸ்தவர் என்றால் அது கிடையாது. சர்ச்சுக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஊரில் டீக்கடைக்காரர் எங்களை ஒரே இடத்தில்தான் நிறுத்துவார்; அரசாங்கத்துக்கு மட்டும் நாங்கள் வேறு. அதனால் பல வீடுகளைப்போல அவனும் இந்து என்று சான்றிதழ் வாங்கி வேலைக்குச் சேர்ந்தான். இப்போது யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள். இவனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா, பதிவேட்டின் பிரதி வேண்டும் என்று தாசில்தார் ஐயரைக் கேட்டிருந்தார். மாதம் முடிவதற்குள் பதில் தர வேண்டும். ஐயர் எழுதியிருந்தார்: "உள்ளதை எழுதினால் பிள்ளையின் வேலை போகும். இல்லை என்று எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. குடும்பத்தில் மூத்தவள் நீ. என்ன செய்யச் சொல்கிறாயோ, அதன்படி செய்கிறேன்."

கடிதம் என் கைக்கு வந்தபோது பதினாறு நாள் மீதி இருந்தது. ஏர்மெயில் போய்ச்சேரப் பன்னிரண்டு நாளாகும்.

என் கணவரிடம் படித்துக் காட்டினேன். "நீ இதுல தலையிடாத," என்றார். "க்ரீன் கார்டு அப்ளை பண்ணி வெயிட் பண்ணிட்டிருக்கோம். ஒரு ஃபால்ஸ் சர்டிஃபிகேட் மேட்டர்ல உன் கையெழுத்துல லெட்டர் எதுக்கு? ஐயர் பாரத்தைத் தூக்கி உன் தலையில கட்டுறாரு."

அது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் நான் பேனாவை எடுக்காததற்குக் காரணம் க்ரீன் கார்டு அல்ல. நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிய நாளில் அப்பா என்னிடம், "உள்ளதை எழுதும்மா," என்றார். கிறிஸ்தவள் என்று எழுதினேன். உதவித்தொகை கிடையாது, ஹாஸ்டலில் கிழிந்த புடவையைத் தைத்துத் தைத்துக் கட்டினேன். தம்பியின் முறை வந்தபோது அதே அப்பா பேசாமல் இருந்துவிட்டார். நான் மட்டும் ஏமாளியா என்று அன்றைக்கே உள்ளே ஒரு புகைச்சல். அதற்கு உண்மை, நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு பல வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். பொறாமை என்று இன்று சொல்கிறேன். அன்று யாராவது சொல்லியிருந்தால் மூக்கு மேல் கோபம் வந்திருக்கும்.

நான்கு நாள் போனது. கடிதத்துக்கு இனி நேரமில்லை, போன்தான். ஐயர் வீட்டு நம்பர் கடிதத்தின் தலையிலேயே இருந்தது. காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனைப் பார்ப்பேன். பிறகு வெளியே போய்க் காரின் மேல் இருக்கும் பனியைச் சுரண்டுவேன்.

ஒரு நாள் எட்டாம் நம்பர் கிழவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுதச் சொல்வாரா, மறைக்கச் சொல்வாரா என்று பார்க்க ஆசை. அவர் இரண்டும் சொல்லவில்லை. முகம் சிவந்து கத்தினார்.

"அவருக்குப் பதில் கொடு! ஆம் என்றோ இல்லை என்றோ. நானும் சபையில் எனக்கு மேலே இருந்தவருக்கு எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் பிரதி எடுத்தேன்."

"இது வேறு, அது வேறு," என்றேன். "இங்கே யாரும் யாரையும் கொல்லவில்லை. ஒரு வேலை, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பெண்ணைக் காட்டிக் கொடுத்தவர் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாரே என்று நினைத்தேன். தட்டை மேஜை மேல் டக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதன் பிறகு தினமும் கேட்டார், பேசினாயா என்று. தினமும் இல்லை என்றேன். எனக்கு இரவில் தூக்கம் போயிற்று; சாப்பாட்டில் உப்புப் போடவும் மறந்தது. நாள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது கிழவர் மாத்திரையை வாங்க மறுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள்," என்றார். "இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பற்றி அவர்கள் என்னிடம் கேட்கவே இல்லை. அதே அப்பா அம்மா அல்லவா? ஒரு தாள் இரண்டு பேருக்கும் போதுமாயிருந்தது."

எனக்குத் தம்பியின் பிள்ளைகள் நினைவு வந்தது. ஸ்கூலில் அவர்களுக்கும் அப்பாவின் சான்றிதழை வைத்துத்தானே எழுதியிருப்பார்கள்? இத்தனை நாளும் இது எனக்கு உறைக்கவில்லை. அவர் பிடியிலிருந்து கையை உதறி இழுத்தேன். அவருடைய மாத்திரைகள் தரையில் விழுந்து உருண்டன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன் செய்தேன். அங்கே மாலை நாலரை. சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன்: ஐயரே, பதிவேடு இல்லேன்னு எழுதிடுங்க, பாவம் என்னைச் சேரட்டும். முதல் இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை ஐயரம்மா எடுத்தார்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாம்மா?" என்றார். "போஸ்ட்மேன் வர்ற நேரம் பார்த்து ஐயரு தினமும் வாசல்ல போய் நின்னாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாளு. மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி, அவங்களே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்து படுத்துட்டாங்க. உன் தம்பி இங்கதான் இருக்கு. குடுக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல நினைப்பதற்குள் தம்பி வந்துவிட்டான்.

"அக்கா, நல்லா இருக்கியா?" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சஸ்பெண்ட் ஆர்டர் வந்துரும்ங்கிறாங்க. புள்ளைங்க சர்டிஃபிகேட்டையும் கேப்பாங்களாம். பாத்துக்கலாம்."

"ஐயர் மேல கோபமாடா?"

"அவரு மேல என்ன கோபம்? அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியும். உனக்கு லெட்டர் போட்டுக் கேட்டேன்னு சொன்னாரு. அதான்..." குரலைத் தாழ்த்தினான். "லெட்டர் உனக்கு வந்து சேரலதானேக்கா? சேரலேன்னு சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

கடிதம் என் யூனிஃபார்ம் பையில் இருந்தது.

"வரலப்பா," என்றேன். கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை.