நேராக நிற்க வைத்த முனி

என் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் சென்ட் மணக்க வேனில் ஏறியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னண்ணே, சம்பந்தம் பேசவா போறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க சாமியப் பாக்கப் போறோம். ஒனக்கென்ன, நீ சேர்ச்சுக்குப் போறவ" என்றார். நான் ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு ஹட்டன் டவுனுக்குக் குடிபோனதிலிருந்து என்னோடு வரும் எந்த வாக்குவாதத்தையும் அவர் இந்த ஒரே வரியில் முடித்துவிடுவார். நானும் ஒவ்வொரு முறையும் கோபப்பட்டுவிடுவேன்.

அன்று நாங்கள் புறப்பட்டது திம்புள்ளப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவுக்கு. ஒரு வெளிநாட்டுத் தம்பதி நாடு நாடாகப் போய்ச் சேர்த்த முகமூடிகளையும் பொம்மைகளையும் சாமி உருவங்களையும் அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். உலக நாட்டார் கலைக்கூடம் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் எங்கள் லயத்து முனியும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. கல்லைக் கொடுத்த கோயில் கமிட்டிக்குத் தலைவர் அண்ணன், அதனால் அழைப்பு அவருக்கு. அண்ணியும் கிளம்பினார். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஒரு வாரமாக விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் கொஞ்சம் விட்டிருந்தது.

முனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பிறந்த தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில். மேல் டிவிசனில் எங்கள் ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றத்தில், தகரக் கூரைக்கு நேர் மேலே, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. கண் மூக்கு கிடையாது. பக்கத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்று குத்தியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் லயத்தில் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்துப் போய் அந்தக் கல்லின் தலையில் எண்ணெய் ஊற்றுவார். ஊற்றியதும் இறங்கிவிட முடியாது. எண்ணெய் அடி வரைக்கும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து லயத்து வாசலில் நின்று, "நேரா ஓடுச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு உலை வைப்பார்கள்.

கோணலாக ஓடினால் முனி திரும்புகிறது என்று அர்த்தம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை அப்படிப் போனோம். போன கொஞ்ச நாளில் மண் இறங்கி மாட்டுப்பட்டியையும் லயத்தின் கடைசிக் காம்பிரா அறைகளையும் மூடிவிட்டது. ஆள் யாரும் சாகவில்லை. மலை நகர்ந்தால் கல் சாயும், கல் சாய்ந்தால் எண்ணெய் கோணும் என்பது படித்த பிறகு எனக்கு விளங்கியது. விளங்கியதால் முனிமேல் இருந்த பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கமிட்டிக்கு ரோஷம் வரும் வரை. கீழ் டிவிசன்காரர்கள் கோபுரம் வைத்து மாரியம்மன் கோயில் கட்டிவிட்டு, எங்கள் ஆட்களைக் 'கல்லுக்கு எண்ணெ ஊத்துறவங்க' என்று கேலி பேசினார்கள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற எங்கள் லயத்துப் பிள்ளைகளிடம் வசூல் செய்து, முனிக்குப் பின்னால் மலையை வெட்டிச் சமப்படுத்தி, கொங்கிரீட் தளம் போட்டு முருகன் கோயில் எழுப்பினார். டவுனிலிருந்து ஐயர் வந்தார். கட்டி முடியும் வரை தார்ப்பாய் மறைப்புக்குள் நின்ற முனிக்கும் அவரே எண்ணெய் ஊற்றினார். பாவம், ஊற்றிவிட்டு நின்று பார்க்க வேண்டும் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஐயர் இருக்கும்போது நாம் எதற்கு என்று லயத்து முறையும் நின்றுபோனது. கும்பாபிஷேகம் முடிந்ததும், ஓரிடத்தில் இரண்டு சாமி ஆகாது என்று கல்லைப் பிடுங்கி, அந்தக் குழியையும் மூடி டைல்ஸ் பதித்துவிட்டார்கள். ஆற்றில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கலைக்கூடத்துக்காரர்கள் கேட்டு வந்தார்கள்.

பங்களாவில் எங்கள் ஆட்கள் எப்போதும் சமையற்கட்டு வழியாகத்தான் போய் வந்தவர்கள். அண்ணன் முன் வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்த சிங்களப் பெண், செருப்போடு வரலாம் என்று சிங்களத்திலேயே சொன்னாள்.

"உள்ள சாமியெல்லாம் இருக்கில்ல" என்றார் அண்ணி. அந்தக் குளிர்ந்த தரையில் கடைசி வரை வெறுங்காலோடுதான் நடந்தார்.

முதல் அறையில் சுவர் முழுக்க முகமூடிகள். நாக்கை நீட்டியவை, கொம்பு முளைத்தவை, வாய்க்குள் இன்னொரு வாய் உள்ளவை. அடுத்த அறையில் எங்கோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த தகரக் கண்களும் தகரக் கால்களும் ஒரு பலகையில் ஆணியடித்திருந்தன. நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் கொடுத்தவை என்று அந்தப் பெண் சொன்னாள். "நம்ம கண்மலர் மாதிரி" என்று அண்ணி உடனே புரிந்துகொண்டார். பிறகு என் காதருகே வந்து, "வேண்டுன ஆளுக எங்க, இது எங்க? அந்தச் சாமிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்து ஆப்பிரிக்க மரச்சிற்பம் ஒன்று. உடம்பு முழுக்க இரும்பு ஆணிகள். ஒவ்வோர் ஆணியும் ஒரு சத்தியம், ஆணியைப் பிடுங்கினால் கட்டு அவிழ்ந்துவிடும் என்று அந்த ஊர் நம்பிக்கையாம். வயிற்றுப் பக்கத்தில் சில ஓட்டைகள் வெறுமையாக இருந்தன. அந்த ஆணிகள் எங்கே என்று கேட்டேன்.

"வரும் வழியில் விழுந்திருக்கும்" என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக. வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

முனியைக் கடைசி அறையில் வைத்திருந்தார்கள். கறுப்புப் பீடம், மேலிருந்து மஞ்சள் வெளிச்சம். பக்கத்தில் அந்தக் கவ்வாத்துக் கத்தியும் கண்ணாடிக்குள் கிடந்தது. அண்ணன் தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அண்ணி கும்பிட்டுவிட்டு, சூடம் கொளுத்த இடம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். "கல்லை நாங்கள் கழுவவே இல்லை, வந்தபடியே வைத்திருக்கிறோம், மட்டப்பலகை பிடித்து நேராக நிறுத்தியிருக்கிறோம்" என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

உண்மைதான், கழுவவில்லை. எத்தனையோ வருட எண்ணெய் கறுப்புப் பட்டையாக உறைந்து, கல்லின் உச்சியிலிருந்து அடி வரை நேராக இறங்கியிருந்தது. அதன்மேல் கொஞ்சம் புதிய கோடுகள், பழுப்பு நிறத்தில். அவை நேராக இல்லை. கல் நேராக நின்றது, கோடுகள் சாய்ந்திருந்தன.

"அண்ணே, இங்க பாருங்க."

அவர் பார்த்தார். முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு, "ஐயரு கை கோணலா ஊத்தியிருப்பாரு. நீ வேற" என்றார்.

அண்ணி பீடத்தருகே குனிந்தார். அந்தப் பெண் தொட வேண்டாம் என்று பதறினாள். அண்ணி தொடவில்லை. விரலைக் காற்றில் வைத்து ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்தார்.

"கை கோணல் இல்லீங்க. கை கோணுனா ஒரு நாளு இந்தப் பக்கம் போவும், ஒரு நாளு அந்தப் பக்கம் போவும். இது எல்லாம் ஒரே பக்கம். இந்தா, இது கொஞ்சமாச் சாஞ்சிருக்கு. அடுத்தது இன்னுங் கொஞ்சம். அதுக்கு மேல ஓடுனது இன்னும் கூட." நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "லயத்துப் பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. தார்ப்பாய்க்குள்ள நம்மளக் கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்கு."

லயத்தில் அவர்கள் மகள் இருந்தாள். பிள்ளை பெற்று மாதம் ஆகவில்லை. அவர்கள் வீடு கோயிலுக்கு நேர் கீழே.

அண்ணன் அங்கேயே நின்று அழைத்தார். மகள் எடுக்கவில்லை. மழை நாளில் அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது, அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று பேரும் மாறி மாறி அழைத்தோம். திரும்பும் வழியெல்லாம் சாலையோரக் கான்கள் நிரம்பிச் செம்மண் தண்ணீர் ரோட்டில் ஓடியது. ஹட்டனில் இறங்கி வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் செபமாலையை எடுத்து உருட்டினேன், உதட்டில் மட்டும் முனியே முனியே என்றுதான் வந்தது. மாதா மன்னிப்பாள்.

லயம் அப்படியே இருந்தது. மகள் குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி நேராக உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார். பின்கதவைச் சாத்தப் போனேன், நிலையில் இடித்துக்கொண்டு வர மறுத்தது. "மழைக்கு மரம் ஊறியிருக்கு" என்றார் அண்ணன்.

நான் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். லயமே கூடிவிட்டது. பெரியவர்கள் சிலர் உடனே துணிமணியைத் தேடினார்கள். அப்போதுதான் கமிட்டிக்காரர் ஒருவர், "எதுக்குக் கொழப்பம்? சாமிக்கு எண்ணெ ஊத்திப் பாத்துருவோம்" என்றார். எல்லோரும் மேலே ஏறினோம். முருகன் தலையில் அண்ணன் எண்ணெய் ஊற்றினார். தோளில் வழிந்து, இடுப்பில் வழிந்து, பாதம் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

"நேரா ஓடுச்சு!" என்று அண்ணன் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. கூட்டம் கைகொட்டியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை. "அறிவிருக்கா? இது கொங்கிரீட் தளத்துல நிக்கிற செல! மண்ணு அடியில கரைஞ்சாலும் இது கடைசி வரைக்கும் நேராத்தான் நிக்கும்!" என்று கத்தினேன். முருகனைப் பழிக்கிறேன் என்று ஒரு கிழவி என்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். சேர்ச்சுக்குப் போறவ என்று இந்த முறை அண்ணன் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணி இறங்க, மகளும் இரண்டொரு குடும்பத்தாரும் மட்டும் பின்னால் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

மண் விழவில்லை. மழை ஓய்ந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் தலைகுனிந்து திரும்பினார்கள். நான் சொல்லி கிராம சேவகர் வந்து, வெட்டிய மலையைப் பார்த்துவிட்டு, இங்கே இருக்கக் கூடாது என்றார். எங்கே போவது என்று லயம் கேட்டது. மேலே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கலைக்கூடத்தில் கேட்டபோது கல்லைத் திருப்பித் தர மறுக்கவில்லை. கமிட்டிதான் மறுத்தது. பிடுங்கிய சாமியை மறுபடி ஊன்றினால் கும்பாபிஷேகம் பழுதாகிவிடுமாம். அண்ணன் தலைவராக உட்கார்ந்து அந்த முடிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்திருந்தால் நடந்திருக்கும். திறக்கவில்லை. அதற்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

பழைய முறையை மட்டும் அவர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இப்போது வெள்ளிதோறும் அவரே ஏறி, முருகனுக்கு எண்ணெய் ஊற்றி, இறங்கி வந்து வாசலில் நின்று சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டு லயம் நிம்மதியாக உலை வைக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் அழைத்தபோதும், "நேரா ஓடுச்சு, பயப்படாத" என்றார். தொலைபேசியை அண்ணியிடம் கொடுக்கச் சொன்னேன். இது மாசி மாதம், தை பிறந்ததிலிருந்து தோட்டத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. கொழுந்தெல்லாம் கருகுகிறது என்று அண்ணி சொன்னார். பேரன் எழுந்து நிற்கப் பழகிவிட்டானாம்.

"எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்?" என்று கேட்டேன்.

"பின்கதவத்தான் டீச்சரம்மா" என்றார். "அதுதான் இன்னமும் சாத்தவே மாட்டேங்குதே."