கடவுளுக்குப் பல் கட்டியவள்

பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டுப் பிழைப்பவள் பல்செட்டு அக்கா. பல் மருத்துவரிடம் வேலை. அளவெடுக்கும் மாவைக் குழைப்பாள், தட்டில் அப்பி வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடிப்பாள், அந்த அச்சைக் கொண்டு பல்செட்டு செய்வாள். மாவு இறுகும்வரை வாயைத் திறந்தவர் ஒரு வார்த்தை பேச முடியாது. அக்காவோ அந்த நேரம் பார்த்துத்தான் ஊர்க்கதையெல்லாம் கேட்பாள். "ம்ம்ம்" என்று பதில் வரும். அவளை மேடையேற்றியதே அந்த "ம்ம்ம்"தான்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு காபிக்கடை மாடியில் வருகிறவர் கையில் மைக்கைக் கொடுத்துக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் மாமியாரையும் மேனேஜரையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்க, அக்கா நேரே கடவுளையே பல் நாற்காலிக்குக் கூட்டிவந்தாள். அவருக்கு முன்னால் பேரரசர்கள் வரிசை. ஒருவருக்குப் பாதி உலகத்தை விழுங்கியதில் கடைவாய்ப்பல் போய்விட்டதாம். இன்னொருவர் குதிரையோடு உள்ளே நுழைந்து, முதலில் குதிரைக்குப் பாருங்கள் என்பார். கடைசியில் கடவுளின் முறை.

"பல்லெல்லாம் எப்படி சாமி போச்சு?"

"நீங்க வேண்டிக்கிறதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பல்லைக் கடிச்சே போச்சும்மா."

உடனே மாவை வைத்து அழுத்திவிடுவாள். பிறகுதான் விசாரணை. "ரெண்டு ராஜா சண்டைக்குப் போறப்போ ரெண்டு பேருமே உன்னைத்தானே கும்பிட்டுட்டுப் போனாங்க? நீ யார் பக்கம் நின்ன?"

"ம்ம்ம்."

கடவுளுக்காக இதையும் தானே சொல்லிவிட்டு அக்கா கொஞ்சம் நிறுத்துவாள். அந்த இடைவெளி அவள் கணவனுக்கானது. தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற மனிதன், சுவரோரம் உட்கார்ந்திருப்பான். சண்டித்தனம் செய்த மோட்டார் திடீரென்று பிடித்துக்கொண்ட மாதிரி அவனிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். எத்தனையோ வருஷமாக அவர்கள் தொழில் செய்தது இப்படித்தான். அவள் நிறுத்துவாள், அவன் தொடங்கிவைப்பான்.

ஒரு நாள் யார் வீட்டுத் தொட்டியடியிலோ வேலை செய்துகொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சில மாதம் கழித்து அக்கா மறுபடி மேடையேறினாள். பேச்சு மறக்கவில்லை. ஆனால் நிறுத்தும் இடமெல்லாம் நாக்கு தானாக நின்றுவிட்டது. சுவரோரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யார் முகத்திலும் சிரிப்பில்லை.

"தப்பா நினைக்காதீங்கக்கா," என்றான் காபிக்கடைக்காரன். "நல்லாத்தான் பேசுறீங்க. நடுவுல நடுவுல ஏன் நின்னுடுறீங்க? அடுத்த வாரம் பார்ப்போம். சரிவரலேன்னா கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்." ஓய்வென்றால் என்னவென்று புரியாதவளா அவள்?

விஷயம் கொழுந்தன் காதுக்கு எட்டியது. "கவலைய விடுங்க அண்ணி, நான் வந்து சிரிக்கிறேன்," என்று வந்து நின்றான். அக்கா அவனைச் சமையலறையில் உட்காரவைத்துப் பேசிக்காட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

"இதுல எங்க அண்ணி சிரிக்கணும்?"

"ஏன், உனக்குச் சிரிப்பு வரலையா?"

"எனக்குப் புரியவே இல்ல. அண்ணனுக்கும்தான் புரியாது."

"யார் சொன்னா?"

"அவரேதான். 'ராஜாவாம், சாமியாம், எனக்கு என்னடா தெரியும்? அவ பேச்சை நிறுத்திட்டு என்னைப் பார்ப்பா. நான் சிரிச்சிடுவேன்'னாரு."

அக்கா அடுப்பை அணைத்தாள். அவன் போகும்வரை அழுகையை அடக்கிக்கொண்டாள். புரியாமலேவா மனுஷன் அத்தனை வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்? அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் கூட்டம் சிரித்தது எதற்கு? தன் பேச்சுக்கா, அவன் சிரிப்புக்கா?

சனிக்கிழமை கொழுந்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன் இடத்தில் வந்து உட்கார்ந்தான். பேரரசர் வாயைத் திறப்பதற்குள்ளேயே சிரித்துத் தொலைத்தான். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். குதிரையும் எடுபடவில்லை. காபிக்கடைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கடவுள் வந்தார். அக்கா மாவை வைத்து அழுத்தினாள். அடுத்து ராஜாக்களின் சண்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"எங்க வீட்டுக்காரரை எதுக்கு சாமி கூட்டிட்டுப் போன?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. கேட்டுவிட்டு நின்றாள். இந்தத் தடவை சிரிப்புக்காக நிற்கவில்லை, சத்தியமாகப் பதிலுக்காகத்தான் நின்றாள். வெறும் காற்றில் நீட்டியிருந்த கையை அவள் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் நிற்பது? மைக்கைப் பிடித்தவள் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். கடவுளுக்காகத் தானே சொன்னாள்.

"ம்ம்ம்."

மாடி அதிர்ந்தது. யாரும் தொடங்கிவைக்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். காபிக்கடைக்காரன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கொழுந்தன் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

தெரிந்துகொள்ள நினைத்தது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கணவன் இல்லாமலும் இவர்கள் சிரிப்பார்கள். அவன் இல்லாவிட்டால் சிரிக்கவே மாட்டார்கள் என்று ஆகியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது அவளுக்கு. சிரிப்பு ஓயட்டும் என்று காத்து நின்றாள். அது ஓய்வதாக இல்லை.