மீட்டர்மேல் போட்ட துண்டு

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு பழுக்கக் காய்ச்சுகிற பட்டறை பல உண்டு. காய்ந்த இரும்பின் நிறத்தை மட்டும் பார்த்து, 'இப்ப எடு, எண்ணெய்த் தொட்டியில போடு' என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். தற்பெருமை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆறாவதோடு படிப்பை விட்டவன். கோவைப்பழ நிறத்தில் எடுத்தால், டிராக்டர் பாகங்களைக் கோக்கிற இரும்புப் பின் ஆயுசுக்கும் உடையாது. ஆரஞ்சுப் பழ நிறத்துக்குப் போகவிட்டால் எண்ணெயில் விழுந்ததும் விரிசல் விடும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

என் பட்டறை உலையில் சூடு காட்டுகிற மீட்டர் ஒன்று இருந்தது. சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கட்டாயப்படுத்தியதால் வைத்தது. அதன்மேல் என் துண்டைக் காயப்போட்டு வைத்திருந்தேன்.

என் மகள் கல்லூரியில் தத்துவம் படித்தாள். மனிதனுக்கு ஒரு விஷயம் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியே ஒரு வருஷம் பாடமாம். சிரித்தேன்.

"கண்ணால பாத்தா தெரியுது. இதுக்கு ஒரு படிப்பா?"

"கண்ணு ஒரு சாட்சி, நைனா. அந்த சாட்சிய யாரு விசாரிக்கறது?" என்றாள். பார்த்துத் தெரிந்துகொள்வது, யோசித்துத் தெரிந்துகொள்வது, நம்பத் தகுந்தவர் சொல்லித் தெரிந்துகொள்வது என்று மூன்று வழி சொன்னாள். எனக்கு முதல் வழியே போதும் என்றேன்.

போன வருஷம் பின்கள் விரிசல் விட ஆரம்பித்தன. கம்பெனி இரண்டு முறை சரக்கைத் திருப்பியது. உலையில் நிற்பவன் பட்டறை திறந்த நாளிலிருந்து என்னோடு இருப்பவன். கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரன். எனக்குத் தம்பி இருந்தால் அவனைப்போலத்தான் இருந்திருப்பான். அவன் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"சூடு ஏறிப்போச்சுண்ணா. தொள்ளாயிரத்தம்பது காட்டுது."

"மீட்டரப் பாத்தா எங்கிட்ட வேல கத்துக்கின? இன்னும் கோவைப்பழமே ஆவல. வுடு."

மறுநாளும் சொன்னான். அன்றைய சரக்கும் விரிசல் விட்டது. எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "உன் கை போச்சு. நாளையிலேர்ந்து வராத." அவன் கையுறையைக் கழற்றி, மடித்து, உலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஞாயிறு வேப்பம்பட்டில் ஒரு கல்யாணம். மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சந்தனக் கலர் உனக்கு எடுப்பா கீது" என்றேன்.

"இன்னாய்யா சொல்ற? இது பால் வெள்ள!"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கையில் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை உற்றுப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. திருவள்ளூரில் கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்ன நாளெல்லாம் வீட்டில் இருந்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். உலையில் இருந்த பின்னை இடது கண்ணால் பார்த்தேன். கோவைப்பழம். இடதை மூடி வலதால் பார்த்தேன். ஆரஞ்சு, பளிச்சென்று. மறுபடி இடது. மறுபடி வலது. ஒரே பின்தான். ஒரு கண்ணை மூடியபடி அங்கேயே நின்றேன். இத்தனை நாள் நான் இரும்பைப் பார்த்து நிறம் சொல்லவில்லை. என் கண்ணுக்குள் இருந்த மூட்டத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். மகள் சொன்ன மூன்றாவது வழியை, நம்பத் தகுந்தவனை, நான்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

நேராகக் கவரைப்பேட்டைக்குப் போனேன். அவன் வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, கறுப்புக் கண்ணாடிலாம் போட்டுக்கினு? படத்துல நடிக்கிறியா?"

கண்ணாடியைக் கழற்றினேன். "கண்ணுல புரைடா. உன் கை நல்லாத்தான் இருந்துச்சு. போனது என் கண்ணு. தப்பு என்னுது."

அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைத் தேடினான்.

"தெரிஞ்சும் ஏண்டா கத்தல?" என்று கேட்டேன்.

"ரெண்டு தபா சொன்னேனே. நீ சொன்னா அதுக்கு மேல நமக்கு இன்னா தெரியும்னு எனக்கே டவுட்டு வந்துச்சுண்ணா. ஊட்டுக்கு வந்து பொஞ்சாதிகிட்ட கேட்டேன், 'எங்கண்ணு கெட்டுப்போச்சா பாரு'ன்னு."

அதைக் கேட்டதும் ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன்தான் தன் சட்டை நுனியால் கன்னத்தை ஒற்றினான், கண்ணில் படாமல்.

"மீட்டர் மேல கீற துண்ட எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

"தோச்சியா? நாறும் அது."

மறுநாள் வந்தான். மடித்து வைத்த கையுறை அதே இடத்தில் இருந்தது. இப்போது நான் நிறம் சொல்கிறேன், அவன் மீட்டர் பார்த்து எண் சொல்கிறான். இரண்டும் ஒத்துப்போகும்வரை பின் எண்ணெய்க்குப் போகாது. இடது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்றும் இந்த எஸ்டேட்டில் என்னைப்போல நிறம் சொல்ல ஆள் கிடையாது. ஆனாலும் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.