கோபுரத்தைத் தாண்டாத மாடி

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும். கோபுரத்தைத் தாண்டக் கூடாது. திருவண்ணாமலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும். அதைத் தாண்டி யார் கட்டப் போகிறார்கள்? அதனால் கோயிலுக்குக் கிழக்கே, சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டின் மேல் மூன்றாவது மாடி எழுப்பியபோது நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கான்கிரீட் போட்ட அன்று மேஸ்திரி கோபுரத்தைப் பார்த்துச் சிரித்து, "இன்னும் எவ்ளோ பாக்கி இருக்கு பாருங்க சார்" என்றார்.

அந்த மாடி என் அக்காவுக்கு. மாமா இறந்த பிறகு, "யார் வீட்லயும் ஒண்டிக்கிட்டு இருக்க மாட்டேன்டா, எனக்குன்னு ஒரு கதவு வேணும்" என்று சொல்லி, கீழ்பென்னாத்தூர் நிலத்தை விற்றுக் கட்டிக்கொண்டாள். மேற்கே பெரிய ஜன்னல். திறந்தால் மலை முழுசாகத் தெரியும். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீடுகளில் விளக்கு ஏற்றுவோம். சந்துக்குள் நின்றால் உச்சி தெரியாது. அந்த வருஷம் அக்கா மேலிருந்து, "ஏத்திட்டாங்க! எல்லாரும் ஏத்துங்க!" என்று கத்திய கத்தலில் சந்து முழுக்க அகல் எரிந்தது. மாமா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பொங்கல் கழிந்து நகராட்சி ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். மேல் மாடியை இடித்தாக வேண்டும் என்றார்கள். வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார்.

"கோபுரம் கணக்கே இல்ல சார். கோயிலைச் சுத்தி இவ்ளோ தூரத்துக்குள்ள இவ்ளோ உயரம்தான்னு ரூல் இருக்கு. ஏர்போர்ட் பக்கத்துல வெச்சிருக்காங்க இல்ல, அந்த மாதிரி."

"இங்க என்ன சார், பிளேனா இறங்குது?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க பின்வீட்லேர்ந்துதான் கம்ப்ளைன்ட் வந்திருக்கு" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. பின்வீட்டம்மா அக்காவுக்கு முருங்கைக்கீரை கொடுத்தனுப்புகிறவர். அவரா? பஸ்ஸில் வரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பேசி முடித்ததும் அந்த அம்மா, "மேல வாங்க தம்பி" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்.

மேற்கே திரும்பினேன். மலை இல்லை. கோபுரமும் இல்லை. எங்கள் சுவர் மட்டும் செங்கல் தெரிய நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள், பூச வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னதே நான்தான். கட்டும்போது நாங்கள் அத்தனை பேரும் மலையைத்தான் பார்த்தோம். முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குத் தாங்கல, அவர்தான் எழுதிப் போட்டாரு" என்றார் அந்த அம்மா. "நான் உங்க அக்காகிட்ட நேரா சொல்லியிருப்பேன். புருஷன் போயி வந்து நிக்கறவங்க, அவங்க மூஞ்சியப் பாத்து என்னன்னு சொல்றது? தீபத்தன்னிக்கு இங்கதான் நின்னேன் தம்பி, கையில திரியோட. கடைசில உங்க அக்கா கத்தினதைக் கேட்டுத்தான் விளக்கு ஏத்தினேன்."

இறங்கி வந்து அக்காவிடம் அத்தனையும் சொன்னேன். வக்கீலைப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்றும் சொன்னேன்.

"என் குரலைக் கேட்டா ஏத்தினாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு எழுந்து மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஏறிப் பார்த்தபோது அலமாரியிலிருந்து பாத்திரங்களை எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இடிக்க ஆளு வர்றதுக்குள்ள சாமானை இறக்கிடலாம். ஒரு கை புடிடா."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.