கதவுக்குப் பின்னால் ஒன்பது வருடம்

ஏணி அண்ணன் எங்களை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிப் பேருந்தில். மூன்று வருடம் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு வந்த நான், பையைக்கூடப் பிரிக்காமல் அக்கா வீட்டுச் சோபாவில் கிடந்த வாரம் அது.

ஏணி என்பது பட்டப்பெயர். பல்பு மாற்ற அவருக்கு ஸ்டூல் வேண்டாம். அக்காவும் அவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவள் பிள்ளைகளுக்காக நடத்தும் நாடகத்தில் ஒன்பது வருடமாக அவர்தான் வலது கை. இப்போது வேறு ஊரில், பெரிய அரங்கம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. குழுவில் மிச்சமிருந்த ஆறு பேரும் வழியனுப்ப வந்திருந்தார்கள்.

"நான் போனதுக்கப்புறம் அந்தக் கதவு நாடகத்தை நிறுத்திடு. புதுசா ஒண்ணு போடு," என்றார் அக்காவிடம்.

"ஏன்டா, நீ இல்லேன்னா என் நாடகம் நடக்காதா? பெரிய கொம்பனா நீ?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஏறும்போது பேருந்து வாசலில் தலையை இடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் அழுதாள்.

அந்த நாடகத்துக்கு மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. பழைய அச்சகக் கிடங்கு ஒன்றைப் பலகை வைத்து ஐந்து அறைகளாகத் தடுத்திருந்தாள். பெற்றோரும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் அதற்குள் நடந்து போவார்கள். ஓர் அறையில் கிழிந்த கடிதத்தை ஒட்ட வேண்டும், இன்னொன்றில் சாவி தேட வேண்டும். கடைசி அறையில் ஒரு பச்சைக் கதவு. அதன் பின்னால் யாரோ இருக்கிறார்கள். மூச்சு கேட்கும், நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்கும். திறப்பதா வேண்டாமா என்று பிள்ளைகள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு ஓட்டு இல்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு வெள்ளைப் பொத்தான். சிவப்பு என்றால் திற. விரும்பியதை ஒரு துணிப்பையிலும் மிச்சத்தை இன்னொரு பையிலும் கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதில் அக்கா மகா கண்டிப்பு. "அம்மா மூஞ்சியப் பாத்துப் போடக் கூடாது. பக்கத்துல இருக்கிறவன் கேலி பண்ணுவான்னும் போடக் கூடாது," என்பாள். திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து எண்ணி, முடிவை அறிவிப்பது ஏணி அண்ணன்.

கதவுக்குப் பின்னால் இருப்பது அக்கா. தன் பெயரையே மறந்துபோன ஒரு பெண்ணாக அவள் இருப்பாள். திறந்தால் பிள்ளைகள் அவளைக் கைபிடித்து வெளியே கூட்டிவருவார்கள்; அப்புறம் அரைமணி நேரம் அவள் அவர்களோடு பேசிப் பாட வேண்டும். திறக்காவிட்டால் கதவிலுள்ள சின்ன ஓட்டை வழியாகப் பேசிவிட்டுப் பக்கவழியாகப் போய்விடுவார்கள். அவள் உள்ளேயே இருப்பாள்.

ஒன்பது வருடமும் கதவு அநேகமாகத் திறந்துகொண்டே இருந்தது. "பிள்ளைங்களுக்குப் பயம் கிடையாது, நாமதான் ஊட்டுறோம்" என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அக்கா பேசினாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நானும் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஏணி அண்ணன் போன பிறகு வந்த சனிக்கிழமை, எண்ணுவதற்கு அக்காவே உட்கார்ந்தாள். அவளுடைய வசனத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சுரண்டினேன். காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. ஓட்டை வழியாக ஒரு சின்னக் குரல் வந்தது: "நாங்க திறக்கல. கோவிச்சுக்காதீங்க."

பதினேழு வெள்ளை, ஐந்து சிவப்பு.

"இன்னிக்கு வந்ததெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க போல," என்றாள் அக்கா. மறுநாள் இரண்டு காட்சி, அடுத்த வாரம் இரண்டு. ஒரு முறைகூடத் திறக்கவில்லை. ஐந்தாவது காட்சி முடிந்ததும் பைகளைத் தரையில் கொட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உடைகளை மடித்துக்கொண்டிருந்த தையல்காரம்மாதான் பேச்சை எடுத்தார்.

"எப்பவும் இப்படித்தானேம்மா விழும்?"

"எப்படி விழும்?"

"வெள்ளைதான் அதிகமா. ஏணித் தம்பிதான் பாத்து மாத்திச் சொல்லும். உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லித்தான் செய்யுதுன்னு நாங்க நினைச்சோம்."

அக்கா லைட் போடுபவரைப் பார்த்தாள். அவர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"ஆறு பேருக்கும் தெரியும்," என்றாள் அக்கா. "ஊருக்கெல்லாம் தெரியும், வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியாது."

காட்சிக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னாள். ஒன்பது வருடத்தில் கதவு திறக்காத நாட்கள் பதினொன்று. தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "இது டான்சில் வந்தப்போ. இது காய்ச்சல். இது குரலே போயிடுச்சே, அந்த வாரம். பிள்ளைங்க என் தொண்டையப் பாத்தாடி ஓட்டுப் போட்டுச்சு?"

"உன் மேல அக்கறையில செஞ்சிருப்பாருக்கா."

"நம்ப வெச்சுக் கழுத்தறுக்கிறதுன்னு சொல்வாங்க. இவன் தழும்புகூடத் தெரியாம அறுத்திருக்கான். ஒன்பது வருஷமா நான் போய்ப் பேசினதெல்லாம் என்ன? பிள்ளைங்க சொன்னதா, இவன் சொன்னதா?"

அப்போதே ஏணி அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டே வார்த்தை: "எந்த நாள்லருந்து?" ஒரு நிமிடத்தில் அவர் படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

நாடகத்தை நிறுத்தவில்லை. மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். எண்ணுவதற்கு, வருகிற பெற்றோரில் யாராவது ஒருவரைத் திடீரென்று கைகாட்டி உட்கார வைத்தாள். குழுவின் ஆறு பேரையும் என்னையும் பைப் பக்கமே விடவில்லை. வாரம் போய் மாதம் போயிற்று. ஓட்டை வழியாகப் பேசிப் பேசி அவளுடைய குரல்கூடச் சன்னமாகிவிட்டது. "உள்ள என்னதாங்க இருக்கு? அதைக் காட்டாமலே அனுப்புறீங்களே," என்று ஓர் அப்பா வாசலில் சண்டை பிடித்தார். "உங்க பொண்ணையே கேளுங்க, அவதான் வேண்டாம்னா," என்றாள்.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிறு காலைக் காட்சி. எண்ணிய அம்மா திரையை விலக்கி வந்து, "சிவப்பு," என்றார். பிள்ளைகள் ஓவென்று கத்தி, பதினைந்து கைகளாகச் சேர்ந்து கதவைத் தள்ளினார்கள். அக்கா வெளிச்சத்துக்கு வந்தாள். நான் மாதக்கணக்காகக் காத்திருந்த காட்சி. ஒரு குட்டிப் பெண், யாரோ ஒத்திகை வைத்துச் சொல்லிக்கொடுத்தாற்போலவே கையை நீட்டினாள்.

அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"யார் எண்ணினது?" என்றாள் அந்த அம்மாவிடம். "நிஜமாவே சிவப்பா? ரெண்டு தடவை எண்ணினீங்களா? அந்தப் பையக் குடுங்க."

வாங்கித் தரையில் கவிழ்த்தாள். நாடக உடையோடு மண்டியிட்டு, வாய்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு சிவப்பு, பத்து வெள்ளை. மறுபடி எண்ணினாள். அதே பன்னிரண்டு, அதே பத்து. நிமிர்ந்தபோது பிள்ளைகள் எல்லாரும் பின்வாங்கி அவரவர் அம்மா அப்பாவின் காலோடு ஒட்டியிருந்தார்கள். கையை நீட்டிய பெண் மட்டும் அங்கேயே நின்றிருந்தாள்.

"நாங்க திறந்தது தப்பா, ஆன்ட்டி?"

அன்றிலிருந்து அக்கா கதவுக்குப் பின்னால் போவதில்லை. அங்கே நான் நிற்கிறேன். இப்போது பையும் கிடையாது, திரையும் கிடையாது. பொத்தான்களைத் தரையில் பரப்பிப் பிள்ளைகளே சத்தமாக எண்ணுகிறார்கள். அவள் வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்புகிறாள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டால் போவதில்லை.

அவள் கேட்டுப் பதினான்கு மாதம் கழித்து, ஒரு மதியம் பதில் வந்தது. படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"முதல் காட்சியிலருந்து. அன்னிக்குப் பதினெட்டுப் பிள்ளைங்க. பதினெட்டும் வெள்ளை. நீ உள்ள சுரண்டிக்கிட்டே இருந்த. எனக்குச் சொல்ல வாய் வரல. அடுத்த காட்சியில சரியா சொல்லிடலாம்னு நினைச்சேன்."