பதினாறாம் வீட்டுத் துண்டு

1997, புரட்டாதி மாதத்து வியாழக்கிழமை. காலை ஏழு இருபதுக்கு மெசீனாவில் ரயில் ஏறினேன். பலெர்மோவுக்கு இருநூற்று முப்பது கிலோமீற்றர் அளவு. டிக்கெற் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு லீரா. ஏறுவதற்கு முன் அதை மேடையில் உள்ள பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். மறந்தால் குற்றப்பணம். நான் இரண்டு தரம் குத்தினேன்.

பலெர்மோவை வேடிக்கை பார்க்க நான் போகவில்லை. அங்கே மங்களம் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒரு விசயம் சொல்லப் போனேன். பதினொரு வருடமாகச் சொல்லாத விசயம்.

எண்பதுகளில் அரபு நாடொன்றில், பாலைவனத்தின் நடுவில் இருந்த ஒரு படைக் குடியிருப்பில் நாங்கள் வீட்டு வேலை செய்தோம். அதிகாரிமாரின் குடும்பங்கள் இருந்த நாற்பது வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, மணலின் நிறம். சுற்றிவர முள்ளுக்கம்பி, ஒரே ஒரு கேற். எங்களைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், வீட்டு இலக்கம்தான். நான் பதினேழு. பக்கத்து வீட்டு மங்களம் பதினாறு. மன்னாரில் இருந்து வந்த திரேசா ஒன்பது. நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

எல்லையில் சண்டை வரப்போகிறது என்று கதை வந்தபோது, வேலைக்காரரை ஊருக்கு அனுப்ப ஒரு பஸ் வந்தது. அந்த பஸ்சில் மங்களத்தின் இடத்தில் நான் ஏறிப் போனேன். அது அவளுக்குத் தெரியாது. இதுதான் விசயம்.

வலப்பக்கம் முழுக்கக் கடல். சுரங்கத்துக்குள் போகும்போது கண்ணாடியில் என் முகம் தெரியும், வெளியே வந்ததும் கடல் வந்து அதை அழித்துவிடும். மிலாட்சோ தாண்டியதும் எதிரே இருந்த சிசிலிக் கிழவி, மகனிடமா போகிறீர்கள் என்று கேட்டா. "சி" என்று தலையாட்டினேன். எனக்கு மகன் இல்லை. தெரியாத ஆளிடம் பொய் எவ்வளவு சுகமாக வருகிறது என்று நினைத்தேன். அவ ஒரு பேரிக்காயை உரித்துப் பாதி தந்தா. வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினொன்று பதினைந்துக்குப் பலெர்மோ. நிலையத்துக்கு வெளியே ஆயிரத்து ஐந்நூறு லீராவுக்கு பஸ் டிக்கெற் வாங்கினேன். போர்கோ வெக்கியோ என்று இடத்தின் பெயர் எழுதிய கடதாசியைச் சாரதியிடம் நீட்டினேன். "பொலித்தியாமா நிறுத்தத்தில் சொல்கிறேன், சிஞ்ஞோரா, இருங்கள்" என்றான். சொல்லவும் சொன்னான். அங்கேயிருந்து துறைமுகப் பக்கமாகப் பத்து நிமிட நடை. ஒடுங்கிய தெருக்கள். தலைக்கு மேலே உடுப்புக் காய்கிறது, காலுக்குக் கீழே மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிறது. ஒரு கடையிலிருந்து பாட்டு, எதிர்க் கடையிலிருந்து அதைவிடப் பெரிய பாட்டு.

வியாழக்கிழமைகளில் மங்களம் வருவது அங்கே இருந்த திரேசாவின் வீட்டுக்கு. அது மூன்றாம் மாடி. படியில் மூச்சு வாங்கி நின்ற என்னை மேலிருந்து பார்த்துச் சத்தம் போட்டாள்.

"பதினேழு அக்கா! உயிரோடைதான் இருக்கிறியளே? மெசீனாக் கடலுக்கை போட்டியளெண்டு நான் பூசையெல்லே குடுத்திட்டன்!"

"பூசைக் காசு வீண்போட்டுது" என்றேன்.

"அப்ப சாப்பிட்டிட்டுச் செத்துப் போங்கோ. வாங்கோ உள்ளை."

மங்களம் ஒன்று நாற்பதுக்கு வந்தாள். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை வீட்டோடு நின்று பார்க்கிறாள். வியாழன் பின்னேரம் மட்டும் லீவு, ஏழு மணிக்குத் திரும்பிப் போக வேண்டும். தலை பாதி நரைத்திருந்தது. வந்த உடனே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மெலிஞ்சு போனியள், அக்கா. ஆர் உங்களுக்குச் சமைச்சுத் தாறது?" அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

சோறும் சாளை மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். சாப்பிடச் சாப்பிட இரண்டு பேரும் அந்தக் குடியிருப்பைக் கதைத்தார்கள். மணல் காற்று வரும்போது நனைத்த போர்வையைக் கதவிடுக்கில் அடைத்தது. ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து மிளகாய்க் கன்று வளர்த்தது. விடிய விசில் ஊதினால், படையாட்களோடு சேர்ந்து திரேசாவும் துள்ளி எழும்பி நின்றது.

"இப்பவும் விசில் கேட்டால் எழும்பிறனான்" என்றாள் திரேசா. "கீழை பந்து விளையாடினாலும் எழும்பிறன். என்ரை மனுசன் சிரிக்கிறார்." பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, முட்டைக் கதை ஞாபகமே? மங்களம், உனக்குத் தெரியாது. கன்ரீனிலை முட்டைக்கு விலை அஞ்சு எண்டு போட்டிருக்கு. அவையின்ரை அஞ்சு எங்கடை சைபர் மாதிரியெல்லே? அக்கா சும்மா தாறாங்களெண்டு ஒரு தட்டு முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டா!"

மங்களம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கதை இலக்கத்துக்கு வந்துவிட்டது. இனி அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

போனது. மங்களம் சிரிப்பை நிறுத்திச் சொன்னாள். "எல்லாம் மறப்பன். அந்தப் பதினாறாம் வீட்டு மேடத்தை மறக்கமாட்டன். நான் பஸ்சிலை போகத் துண்டு குடுத்தனுப்பினதெண்டு குர்ஆனிலை கை வைச்சுச் சொன்னவள். பொய். என்னை விட மனமில்லாமல் வைச்சிருந்திட்டாள். அதுக்குப் பிறகு நாலாம் மாசம் ஊரிலை அம்மா செத்துப் போனா. ஏழாம் மாசம் என்னை விட்டவள்."

"அவள் பொய் சொல்லேல்லை, மங்களம்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எப்படிச் சொல்வது என்று ரயிலில் கட்டி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். போகலாம் என்று வீட்டுக்காரர் சம்மதித்தால், காவல் அறையில் இருந்து வீட்டு இலக்கம் எழுதிய துண்டு வரும். அன்றைக்கு அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். ஓடி வந்த காவலாள் ஒரு துண்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். அரபு ஆறு, பார்வைக்கு எங்கள் ஏழு மாதிரியே இருக்கும். துண்டில் இருந்தது பதினாறு. அந்த அவசரத்தில், பள்ளிக்கூடத்தில் ஒன்று, இரண்டு படித்த என் கண்ணுக்கு அது பதினேழு. பையைத் தூக்கிக்கொண்டு ஓடி பஸ்சில் ஏறினேன்.

திரேசா கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். "விசர்க் கதை கதையாதேங்கோ, அக்கா."

மங்களம் தட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு மெதுவாக, எனக்குப் பரிந்து பேசுவதுபோல, "பிழையா வாசிச்சிட்டியள். தெரியாமல்தானே ஏறினியள்" என்றாள்.

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது.

"ஏறேக்கை தெரியாது. பஸ் என்ரை வீட்டைத் தாண்டேக்கை கதவிலை இருந்த இலக்கத்தைப் பாத்தன். அரபு ஏழு, ரெண்டு விரலை விரிச்சுப் பிடிச்ச மாதிரி. கையிலை இருந்த துண்டிலை அது இல்லை. அப்ப விளங்கிச்சுது. கேற்றிலை பஸ் பத்து நிமிசம் நிண்டது. நான் இறங்கேல்லை."

கீழே தெருவில் யாரோ மீன் விலை கூவினார்கள். மங்களம் எழும்பிக் கை கழுவினாள். கைப்பையை எடுத்தாள். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி, பாஸ்போட் எல்லாவற்றையும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூடவே கொண்டு திரிவார்கள். அதற்குள் இருந்து மடித்த உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஒட்டினபடி இருந்தது.

"மேடம் அனுப்பினது. ரெண்டு வருசத்துக்கு முந்தி, அங்கையிருந்து இஞ்சை வந்த ஒரு பிள்ளை கொண்டு வந்து தந்தது. கள்ளியின்ரை கடிதத்தை ஏன் உடைப்பானெண்டு வைச்சிருந்தன்." உறையை விரலால் என் பக்கம் தள்ளினாள். "எழும்புங்கோ. அரபு தெரிஞ்ச ஆளைக்கொண்டு வாசிப்பிப்பம்."

நேரம் மூன்று பத்து. கீழே சந்தையில் ஒலிவ்காய் விற்கிற துனீசியக்காரர் ஒருவர் இருந்தார். திரேசாவுக்குப் பழக்கம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உறையைக் கிழித்தார். ஒரே ஒரு பக்கம். நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எங்களுக்குத் தெரிந்தது அடுப்படி அரபுதான், அதற்கு அந்தக் கடிதம் போதுமான அளவு எளிமையாக இருந்தது. விளங்காத இடத்தில் அவர் இத்தாலியனில் சொன்னார்.

நலம் விசாரிப்பு. மகன் இப்போது உயரமாகிவிட்டான். பிறகு: நான் அந்தத் துண்டுக்குச் சொல்லித்தான் அனுப்பினேன். அது யார் கையில் போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ போகாமல் நின்றபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. உன் தாய் இறந்த பிறகு, அந்தச் சந்தோசத்தை நினைத்து வெட்கப்படுகிறேன். அதை மட்டும் மன்னித்துக்கொள்.

துனீசியக்காரர் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒலிவ்காயைக் கிளறினார்.

"கேட்டியளே, அக்கா" என்றாள் மங்களம். "அவளுக்குச் சந்தோசமாம்." பிறகு நேரே என்னைப் பார்த்தாள். "கேற் திறந்து பஸ் வெளிக்கிடேக்கை, உங்களுக்கு?"

திரேசா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். சொல்லாதே என்று அதற்கு அர்த்தம்.

"ஓம்" என்றேன். "சந்தோசமாத்தான் இருந்தது."

மங்களம் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. கடிதத்தைப் பாஸ்போட்டுக்குள் வைத்துப் பையைப் பூட்டினாள். பொலித்தியாமா பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் நடந்து வழி காட்டினாள். வீதி கடக்கும்போது மட்டும், மோட்டார் சைக்கிள் வந்ததால், என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு உடனே விட்டாள்.

பஸ் வந்தது. "போட்டு வாங்கோ, அக்கா! நத்தாருக்குக் கட்டாயம் வாங்கோ!" என்று திரேசா கத்தினாள்.

மங்களம், "போங்கோ" என்றாள்.

நாலு நாற்பது ரயில். இப்போது கடல் இடப்பக்கம். செஃபாலு வரை நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் காதில் ஏறியது. எங்கள் ஆட்கள் யாரையும் 'போ' என்று வழியனுப்புவதில்லை. வாசலுக்கு வந்த பிடிக்காத ஆளைக்கூடப் போட்டு வாங்கோ என்றுதான் சொல்வோம். அது வாயில் தானாக வருவது. அதை நிறுத்த வேண்டும் என்றால் வேண்டுமென்று நிறுத்த வேண்டும். மங்களம் நிறுத்தியிருக்கிறாள்.

மெசீனாவில் இறங்கும்போது எட்டரை. வாங்கோ என்று மங்களம் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அந்த மட்டில் பலெர்மோ நல்ல ஊர். இனி அங்கே போகமாட்டேன்.