அரைக்கட்டை இறங்கிய பாட்டு

கோரஸ் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவளுக்கு ‘மூணாவது’ என்றே பெயராகிவிட்டது. நாற்பது வருஷமாக ஒரே இடம். கட்டிய கணவரே, “என்ன மூணாவது, இன்னிக்கு ரெக்கார்டிங் உண்டா?” என்றுதான் கேட்பார். பாட்டில் அவள் பெயர் வராது, படம் வராது. லாலலா மட்டும் வரும். அந்த லாலலாவை ஒருநாள்கூட அவள் ஏனோதானோவென்று பாடியதில்லை.

எத்தனை பாட்டுக்காரிகளைப் பார்த்துவிட்டாள்! முதலில், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிட்ட பாடகி. அவர் உள்ளே வந்தால் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள்; இருமல் வந்தவர் வெளியே ஓடுவார். அப்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். கடைசி வரியில் ஒரு வயலின் தடுமாறினாலும் மறுபடி முதலிலிருந்து. பெரியம்மா முகம் சுளிக்காமல் பதினோரு தடவை பாடுவார், அடேயப்பா, பதினோராவதும் புதிதாகவே இருக்கும். அடுத்து கேசட் காலத்துக் கோபக்காரம்மா. கோரஸ் பெண்களை ஐந்து மணி நேரமாக நிற்க வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆறு நாற்காலி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். திமிர் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதட்டுமே! கால் கடுத்தவர்களுக்கல்லவா தெரியும் அந்தத் திமிரின் அருமை.

இப்போது பாப்பா. இருபத்தாறு வயது. கையில் காபி, காலில் ரப்பர் செருப்பு, எதற்கெடுத்தாலும் கெக்கேபிக்கே என்று சிரிப்பு. அவள் குரல் ஏறாத உச்சி இல்லை, உலகமே அதைத்தான் பேசுகிறது. அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: கோரஸும் அதே நேரத்தில் கூடவே பாடினால்தான் பாடுவாள். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுகிற இந்தக் காலத்தில் இது என்ன கூத்து என்று இசையமைப்பாளர் அலுத்துக்கொள்வார். மூணாவதும் வீட்டில், “இவளும் ஒரு பாட்டுக்காரியா? கொஞ்சமாவது கெத்து வேண்டாமா?” என்றுதான் சொல்லிவைத்திருந்தாள்.

போன வாரம் இசையமைப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இனிமே யார் குரல் பிசிறுதோ அவங்க வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்.” அது தன்னைத்தான் என்று மூணாவதுக்குத் தெரியும். அறுபத்திரண்டு வயதில் மேல்சுருதிக்குப் போகும்போது தொண்டையில் ஏதோ கீறுகிறது. பாடாமல் வீட்டில் உட்கார்ந்தால் அவள் யார்? அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்று அந்த இடம் வந்தது. பாட்டின் உச்சி. அவள் சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தாள். எல்லோருக்கும் ஒரே மைக் இருந்த நாட்களில் இந்தத் தில்லாலங்கடி எடுபட்டிருக்கும். இப்போது ஆளுக்கொரு மைக்.

“மூணாவது மைக்ல சத்தமே வரலையே?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“வயர்ல ஏதோ கோளாறு போல,” என்று அளந்துவிட்டாள் அவள். பாவம், வயரை மாற்றினார்கள். மறுபடியும் உச்சி, மறுபடியும் வாயசைப்பு.

“மைக் நல்லாத்தானே இருக்கு...” என்று ஒலிப்பதிவாளர் இழுத்தார்.

அப்போது தனிக் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு பாடிக்கொண்டிருந்த பாப்பாவின் குரல். “சார், எனக்கு இன்னிக்கு மேல போகல. அரைக்கட்டை எறக்கிடுங்க.”

இசையமைப்பாளர் முணுமுணுத்தபடி சுருதியை இறக்கினார். அந்தச் சுருதியில் மூணாவதின் குரல் பிசிறில்லாமல் நின்றது. பாட்டு ஒரே மூச்சில் முடிந்தது.

வெளியே டீ குடிக்கும் இடத்தில் புல்லாங்குழல்காரர் ஆரம்பித்தார். “பாத்தீங்களா? பாப்பா கதை முடிஞ்சுது. மேல போகலையாம்ல!”

மூணாவது டீயைக் கீழே வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அவளால் முடியவில்லை.

“போகாதது அவ தொண்டை இல்லய்யா, என் தொண்டை! நான்தான் பாடாம வாயசைச்சேன். எனக்காக எறக்கினா அந்தப் பொண்ணு.”

சத்தம் கேட்டு வந்த இசையமைப்பாளர் இதைக் கேட்டுவிட்டார். “அப்போ நீங்கதானா? ஏம்மா, நான் போன வாரமே...”

பின்னாலேயே வந்த பாப்பா குறுக்கே புகுந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “சார், அக்கா நிப்பாங்க. இல்லன்னா நாளைக்கு வேற பாட்டுக்காரியப் பாத்துக்கோங்க.”

“உனக்கு இருக்கிற பேரே அந்த உச்சிதானேம்மா?”

“இருக்கட்டும் சார். நாளைக்குப் பாடுற பாட்டையும் எறக்கிடுங்க.”

இசையமைப்பாளர் தலையைச் சொறிந்தார். “பத்து மணிக்கு வந்து சேருங்க, ரெண்டு பேரும்,” என்று உள்ளே போனார்.

மூணாவது பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளையா அப்படிப் பேசினோம் என்று வெட்கமாக இருந்தது. “நீ நல்லா இருக்கணும்மா. உன் பேரைக் கெடுத்துக்கிட்டு எனக்கு எதுக்கு இதெல்லாம்?”

“உங்களுக்காக மட்டும் இல்லக்கா,” என்றாள் பாப்பா. “நாலு வருஷமா கோரஸ்ல ஒரு குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மேல ஏறுவேன். அது யாரோடதுன்னு தெரியாது. இன்னிக்கு அது திடீர்னு இல்லாமப் போச்சு. மூணாவது மைக்ல சத்தம் வரலைன்னதும்தான் தெரிஞ்சுது, அது நீங்கன்னு.”

நாற்பது வருஷத்தில் அவள் குரலைத் தனியாகக் கேட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. புல்லாங்குழல்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், மூணாவது அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.